‘பி’ வடிவத்தில் வெர்ன் இறந்துவிட்டார்

ஆர்லீன் ஸாஸ்ட்ரோ ஓடினாள்.

அறுபதைத் தாண்டிய வயதில், பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல், அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த ஈரத் தரையில் ஓடினாள். “வழுக்கும், வழுக்கும்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். காதில் விழவில்லை. கையிலிருந்த போனில் லாவோன் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடி உனக்கு? ஒரே டீம்ல எத்தனை வருஷம் பவுலிங் ஆடியிருக்கோம்! கலிபோர்னியால இருக்கற என் தங்கச்சி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?”

“என்னத்தடி சொல்லல? அழாம சொல்லு!”

“வெர்ன் போயிட்டாருன்னு!”

ஆர்லீனின் புருஷன் பெயர் வெர்ன். காலையில்தான் அவருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிவிட்டு, மதியம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஏரிக்கரை முதியோர் இல்லத்தின் கடைசி அறை. கதவில் வெள்ளை லில்லி மலர் வளையம் தொங்கியது. ஆர்லீன் கதவைத் தள்ளினாள்.

வெர்ன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாக்லேட் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு குவியல் வாழ்த்து அட்டை. இல்லை, வாழ்த்து அட்டை இல்லை. எல்லாவற்றிலும் கறுப்புக் கரை.

பக்கவாதம் வந்த பிறகு வெர்னுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். நடுவில் காத்திருக்க வேண்டும்.

“ஆர்லி,” என்றார். “நான்… செத்துட்டேன்.”

“எந்தக் கடங்காரன் சொன்னான்?”

“எல்லாரும்.” நல்ல கையால் அட்டைகளை நகர்த்தினார். “சியாட்டில்… வெர்மான்ட்… ஓக்லண்ட்…” ஒரு ஸ்பூன் புட்டிங். “ரொம்ப… நல்லவனாம்.”

ஆர்லீன் ஒன்றை எடுத்துப் படித்தாள். ‘போராளி வெர்னுக்கு அஞ்சலி. உங்கள் காலி நாற்காலி எங்களைத் தட்டி எழுப்பிவிட்டது. எங்களால் இயன்ற ஐந்து டாலரை அனுப்பிவிட்டோம்.’

வெர்ன் பாலாடைக்கட்டி ஆலைக்குப் பால் வண்டி ஓட்டியவர். வாழ்நாளில் அவர் போராடியது ஒன்றே ஒன்றுக்காகத்தான்: ஆலை வாசலில் வண்டி நிறுத்த நிழலான இடம். அதிலும் தோற்றுப்போனார்.

ஆர்லீன் மலர் வளையத்தைக் கதவிலிருந்து பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இது யார் வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லோ ஃபோர்க் மாவட்டம் என்று ஒன்று இருப்பது, விஸ்கான்சினிலேயே பலருக்குத் தெரியாது. மாவட்டத் தலைவர் நார்பெர்ட் டீட்ஸ். ஏரிக்கரை இல்லம் மாவட்டத்துக்குச் சொந்தம். அதை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப் போவதாகச் சென்ற நவம்பரில் டீட்ஸ் அறிவித்தார். கம்பெனி கட்டடத்தை இடித்துவிட்டு ஏரியைப் பார்த்த மாதிரி விடுமுறைக் குடியிருப்பு கட்டும். உள்ளே இருக்கிறவர்களை, நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போகிற தூரத்தில் இருக்கும் வேறோர் இல்லத்துக்கு ஏற்றி அனுப்பிவிடும். கையெழுத்தும் ஏற்றி அனுப்புவதும் ஏப்ரல் தேர்தலுக்கு அடுத்த திங்கட்கிழமை.

ஆர்லீனுக்குக் கண்ணில் புரை. நெடுஞ்சாலையில் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெர்ன் போனால், போனதுதான். அவருக்கு வார்த்தை வருவதற்குள் காத்திருக்க அங்கே யாருக்குப் பொறுமை இருக்கும்?

டீட்ஸை எதிர்த்து மார்கிட் ஹால்வர்சன் நிற்பதாகச் செய்தி வந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட நர்ஸ். ஊரில் பாதிப் பேருக்குப் பேன் பார்த்தவள். ஜெயித்தால் முதல் வேலையாக விற்பனையை ரத்து செய்வேன் என்றாள். ஆர்லீனுக்கு அரசியல் என்றால் அவ்வளவுதான். மார்கிட் ஜெயித்தால் வெர்ன் இங்கே. தோற்றால் அங்கே.

மார்கிட்டுக்குத் துணையாக வாஷிங்டனிலிருந்து ‘ஒன்றாய் முன்னே’ இயக்கம் வந்து இறங்கியது. அடித்தட்டு மக்களின் இயக்கம். மூடிக் கிடந்த சோபாக் கடையை வாடகைக்குப் பிடித்து, அடித்தட்டுக்கு ஏற்ற மாதிரி செங்கல் தெரியும்படி சுவரைச் சுரண்டி, அலுவலகம் திறந்தது. திறந்த வாரமே ஆர்லீன் போய் வெர்னைப் பற்றிச் சொல்லி, அவர் படத்தையும் தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த அலுவலகத்துக்குள் ஆர்லீன் மலர் வளையத்தோடு நுழைந்தாள்.

“ஆர்லீன்!” டெவ்லின் எழுந்து ஓடி வந்தான். இருபத்தாறு வயது. பதவி, ஆதரவாளர் உணர்வு மேம்பாட்டு இயக்குநர். “உங்களைத்தான் நினைச்சிட்டிருந்தோம். முதல்ல, உங்க பேரிழப்புக்கு எங்க எல்லாருடைய—”

“அவர் உயிரோட இருக்காரு தம்பி.”

“தெரியுமே. ‘ஏ’ வடிவத்துல உயிரோடதான் இருக்காரு.”

ஆர்லீன் வளையத்தை அவன் மேஜை மேல் போட்டாள். டெவ்லின் அதை ரசித்துப் பார்த்தான். ஒரு படம்கூட எடுத்துக்கொண்டான்.

“உக்காருங்க, விளக்கமா சொல்றேன். நாங்க எந்த மின்னஞ்சலையும் ரெண்டு வடிவமா எழுதுவோம். கொஞ்சம் பேருக்கு ஏ, கொஞ்சம் பேருக்கு பி. எதுக்கு அதிகமா நன்கொடை வருதோ, அது எல்லாருக்கும் போகும். மக்கள்தான் தேர்ந்தெடுக்கறாங்க. ஜனநாயகம். ‘ஏ’ல உங்க கணவர் ஜன்னலோரம் உக்காந்து ஏரியைப் பாக்கறாரு. ‘பி’ல ஜன்னல் இருக்கு, ஏரி இருக்கு, நாற்காலி இருக்கு. அவர் இல்ல.” குரலைத் தாழ்த்தினான். “நாலு மடங்கு.”

“அது பொய் தம்பி.”

“பொய்யெல்லாம் எங்க விதிகள்லயே கிடையாது. செத்துட்டாருன்னு எங்கயும் எழுதல. ‘இன்று காலை வெர்னின் நாற்காலி காலியாக இருக்கிறது’ன்னுதான் எழுதினோம். அன்னிக்குக் காலைல அவர் எங்க இருந்தாரு?”

ஆர்லீன் யோசித்தாள். “குளிப்பாட்டிட்டு இருந்தாங்க.”

“பாத்தீங்களா!”

“சரி, இப்ப ஒரு மறுப்பு அனுப்புங்க. உயிரோட இருக்காருன்னு.”

“அதையும் சோதிச்சுப் பாத்துட்டோம். நாங்க என்ன மனசாட்சி இல்லாதவங்களா? ‘நல்ல செய்தி, வெர்ன் உயிரோடு இருக்கிறார்’னு ஆயிரம் பேருக்கு அனுப்பினோம். கணிசமான பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க.” டெவ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. “அவரோட மரணத்தை அவங்ககிட்டேருந்து பறிக்க முடியாது ஆர்லீன். அவங்க அதை ஏத்துக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

ஆர்லீனுக்கு அந்த வளையத்தை அவன் கழுத்தில் மாட்ட வேண்டும் போல இருந்தது. மாட்டவில்லை. டீட்ஸைத் தோற்கடிக்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? நாள்காட்டியைப் பார்த்தாள். தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

“சரி,” என்றாள். “எனக்கு ஏதாவது வேலை குடு.”

*

வேலை என்றால் போன் வேலை.

காதில் ஒரு கருவி. கண்ணெதிரே ஒரு திரை. எண்ணை இயந்திரமே போடும், பேச வேண்டியதையும் திரையே சொல்லும். பழைய சாய்வு சோபாக்களில் பத்துப் பதினைந்து தொண்டர்கள் சாய்ந்தபடி ஜனநாயகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சாய்வை நிமிர்த்தும் கைப்பிடிகள் பழுது.

“வணக்கம், நான் வில்லோ ஃபோர்க்கிலிருந்து ஆர்லீன் பேசறேன், நீங்க எப்படி இருக்கீங்க?”

“எப்படி இருப்பேன்?” என்றாள் சியாட்டிலில் ஒரு பெண். “ஏம்மா, இந்த மாசம் மட்டும் ஜனநாயகத்தை ஒன்பது தடவை காப்பாத்திட்டேன். வீட்டு வாடகை இன்னும் கட்டல. கொஞ்சம் விடுங்களேன்.”

ஆர்லீன் திரையைப் பார்த்தாள். ‘வாடகை என்று சொன்னால், அதனால்தான் இப்போது என்று சொல்லவும்’ என்று எழுதியிருந்தது.

“அதனாலதான் இப்போ,” என்றாள் ஆர்லீன். எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “உங்க வயசென்னம்மா?”

“அறுபத்து மூணு.”

“என் அம்மா வயசு.” பெருமூச்சு. “அஞ்சு டாலர் போட்டுக்கறேன். ஆனா இதுக்கப்புறம் யாரும் எனக்கு போன் பண்ணக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

ஆர்லீன் சத்தியம் செய்தாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. ‘அருமை! இவர் உயர்விளைச்சல் ஆதரவாளராக உயர்த்தப்பட்டார். தினமும் அழைக்கப்படுவார்.’

அன்று முழுக்க அவள் சியாட்டில், ஓக்லண்ட், பாஸ்டன் என்று பேசினாள். மாலையில் டெவ்லினிடம் போனாள்.

“நம்ம ஊர்க்காரங்களுக்கு எப்ப தம்பி போன் பண்ணுவோம்?”

“எந்த ஊரு?”

“இந்த ஊரு. வில்லோ ஃபோர்க்.”

“ஓ.” டெவ்லின் உதட்டைப் பிதுக்கினான். “அது குறைவிளைச்சல் பகுதி. சராசரியா ஒரு ஆளுக்கு எவ்வளவு வரும்னு பாத்தேன். போன் செலவுக்கே கட்டாது.”

“ஓட்டு அவங்கதானே போடணும்?”

“நிச்சயமா. அவங்க பங்களிப்பை நாங்க குறைச்சு மதிப்பிடல.”

“வர்ற பணமெல்லாம் எதுக்குப் போகுது தம்பி?”

“அடுத்த மின்னஞ்சலுக்கு.”

“அந்த மின்னஞ்சல் எதுக்கு?”

“பணத்துக்கு,” என்றான் டெவ்லின், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

வாசலில் நட்டுவைக்க மார்கிட் பெயர் போட்ட பலகையாவது ஒன்று கொடு என்று கேட்டாள். பலகைகள் இணையக் கடையில் விற்பனைக்கு இருந்தன, தீர்ந்துவிட்டன என்றான் டெவ்லின். எல்லாம் கலிபோர்னியாப் புல்வெளிகளில் நிற்கின்றனவாம். அங்கே பிரமாதமான வரவேற்பாம்.

“டீட்ஸ் ஒரு பலகைகூட வைக்கல, கவனிச்சீங்களா?” டெவ்லின் கண் சிமிட்டினான். “பயந்துட்டான்.”

ஆர்லீன் கார் கொட்டகையில் கிடந்த ஒட்டுப்பலகையில் மீந்துபோன நீல பெயிண்டால் ‘மார்கிட்’ என்று தானே எழுதி வாசலில் நட்டாள். ‘ட்’ ஓரத்தில் இடமில்லாமல் மேலே ஏறி நின்றது.

*

சனிக்கிழமை அவளும் லாவோனும் கிளம்பினார்கள். வெர்ன் சாகவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து லாவோன் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தாள். இழவு வீட்டுக்கென்று ஹாம் சாண்ட்விச் செய்து வைத்துவிட்டாளாம், அவ்வளவும் வீணாம். கோபத்தோடேயே கூட வந்தாள். ஏரிக்கரைத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். உள்ளூர் பத்திரிகை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேர்தல் வருவதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

“யாரு, நர்ஸ் மார்கிட்டா? எனக்குச் சின்னம்மை வந்தப்ப அவதான் பாத்தா. போட்டுடறேன் போ,” என்றார் ஒருவர்.

“இல்லத்தை விக்கறானா? எங்க அத்தை அங்கதானே இருக்கா! என் மருமகளையும் கூட்டிட்டு வரேன்,” என்றாள் ஒருத்தி.

இருட்டுவதற்குள் ஆர்லீனுக்கு முட்டி வலித்தது. மனசு மட்டும் பல மாதத்துக்குப் பிறகு லேசாக இருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள்.

டெவ்லின் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தினான்.

“கதவைத் தட்டினீங்களா? நிஜமான கதவையா?”

“ஆமா.”

“யாராவது… திறந்தாங்களா?”

“திறக்காம? காபி குடுத்தாங்க. ஒரு வீட்டுல கேக்கும்.”

“ஆர்லீன், இதுக்குப் பேரு அங்கீகரிக்கப்படாத மனிதத் தொடர்பு. உங்க மேல எனக்குக் கோபமில்ல. உங்களுக்குப் பயிற்சி குடுக்காதது எங்க தப்பு.” மடிக்கணினியைத் திறந்தான். “சரி, சேதத்தைப் பாப்போம். மின்னஞ்சல் முகவரி எத்தனை வாங்கினீங்க?”

“ஒண்ணும் வாங்கல.”

“போன் நம்பர்?”

“எதுக்கு? அவங்க வீடுதான் தெரியுமே. எல்லாரும் மார்கிட்டுக்கு ஓட்டுப் போடறேன்னு சொன்னாங்க.”

டெவ்லின் திரையை மேலும் கீழும் நகர்த்தினான். ஏதோ தேடினான். கடைசியில் வருத்தத்தோடு நிமிர்ந்தான்.

“அதை நிரப்ப இதுல கட்டமே இல்ல.”

*

மார்கிட்டிடமே சொல்லிவிடலாம் என்று ஆர்லீனுக்குத் தோன்றியது. அவள் உள்ளூர்க்காரி, அவளுக்குப் புரியும். ஒரு டப்பாவில் சூடாக மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, சீஸ் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் எடுத்துக்கொண்டு போனாள்.

வேட்பாளர் இருந்தது சோபாக் கடைக்குப் பின்புறம், பழைய மெத்தைக் கிடங்கில். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே மார்கிட், ஒரு போன், பக்கத்தில் எண் போட்டுத் தர ஓர் ஆள். ‘அழைப்பு நேரம்’ என்று அதற்குப் பெயர். பெரிய நன்கொடையாளர்களை வேட்பாளரே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கூட இருந்த ஆள் கழிவறைக்குப் போன சமயம் பார்த்து ஆர்லீன் உள்ளே நழுவினாள்.

மார்கிட் தலை நிமிர்ந்தாள். குரல் கரகரத்துப் போயிருந்தது.

“வணக்கம், நான் மார்கிட் ஹால்வர்சன், உங்களால இன்னிக்கு—”

“மார்கிட், நான்தான். வெர்ன் பொண்டாட்டி ஆர்லீன்.”

“ஆர்லீன்!” மார்கிட்டின் கண் நிறைந்துவிட்டது. “அடியே, வெர்ன் விஷயம் கேள்விப்பட்டேன். அடக்கத்துக்குக்கூட வர முடியல பாரு, மன்னிச்சுக்கோடி.”

“அவர் நல்லாத்தான் இருக்காரு. அதை விடு. நீ எப்ப ஊருக்குள்ள வரப் போற? சனங்க உன்னைக் கேக்கறாங்க.”

“வெளியில பனி கரைஞ்சிடுச்சா?” என்று மெதுவாகக் கேட்டாள் மார்கிட்.

“கரைஞ்சு சேறாயிடுச்சு. உனக்குத் தெரியாதா?”

“இந்த வார இலக்கை முடிச்சிட்டா மனுசங்களைப் பாக்க விடறேன்னு சொல்லியிருக்காங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தி.” ஹாட்டிஷ் டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். “ஆர்லீன், நான் ஜெயிச்சுடுவேன் இல்ல?”

“ஊரே உன் பக்கம்தாண்டி.”

“இல்லத்தை விக்க விட மாட்டேன். முதல் நாளே ரத்து. அதுக்காகத்தான் இந்த இருட்டுல…” காலடிச் சத்தம் கேட்டது. மார்கிட் டப்பாவை மேஜைக்கடியில் ஒளித்துவிட்டு, சட்டென்று போனை எடுத்தாள். “வணக்கம், நான் மார்கிட் ஹால்வர்சன்!”

*

தேர்தல் நாள். செவ்வாய்க்கிழமை காலை.

வெர்ன் சவரம் செய்யச் சொன்னார். டை கட்டச் சொன்னார். இல்லத்து வேனை லாவோன் ஓட்ட, வெர்னோடு இன்னும் நான்கு பேர் ஏறிக்கொண்டார்கள். தொண்ணூறு தாண்டிய ஒரு கிழவி உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். திங்கட்கிழமைக்கு மேல் எங்கே தூங்கப் போகிறோம் என்பது இன்றைக்கு முடிவாகும் என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. முந்தின வாரத்துச் சூப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வாக்குச்சாவடி தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். வரிசை நிஜமாகவே நீண்டிருந்தது. ஏரிக்கரைத் தெருக்காரர்கள் ஆர்லீனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சின்னம்மைக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஆர்லீனும் உயர்த்திக் காட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வெர்ன் பேனாவைப் பிடிக்க அவள் உதவலாம் என்று அதிகாரி அனுமதித்தார். மறைப்புக்குள் இருவரும் போனார்கள். வெர்ன் சீட்டை நெடுநேரம் பார்த்தார். நீதிபதி. பள்ளிக்கூட வாரியம். மாவட்டத் தலைவர்.

“ஆர்லி,” என்றார். “ஒருத்தன்தான்… இருக்கான்.”

“தள்ளிப் பிடிச்சுப் பாருங்க. கண்ணாடி சரியில்ல.”

ஆர்லீன் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நார்பெர்ட் டீட்ஸ். அதன் கீழே கையால் பெயர் எழுத ஒரு காலிக் கோடு. சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள்.

“சார்! இந்தச் சீட்டுல அச்சுப் பிழை!”

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். “இல்லையேம்மா. டீட்ஸ் மட்டும்தான் நிக்கறாரு. ஜனவரிலேருந்தே அப்படித்தான்.”

“மார்கிட் ஹால்வர்சன்?”

“அந்த நர்ஸம்மாவா? காலைலேருந்து வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க.” அவர் பாவப்பட்ட குரலில் சொன்னார். “வேணும்னா கோட்டுல எழுதுங்க. ஆனா அப்படி எழுதற பேரையும் முன்கூட்டியே பதிவு பண்ணியிருக்கணும். இல்லேன்னா எண்ண மாட்டோம்.”

வெர்ன் எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக. வரிசை நகராமல் நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. ஆர்லீன் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, எண்ணப்படாத அந்தப் பெயர் முடியும்வரை காத்திருந்தாள்.

*

சோபாக் கடையில் பலூன் கட்டியிருந்தார்கள். டெவ்லின் பேகல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

“ஆர்லீன்! இன்னிக்குப் பெரிய நாள். சாதனையைத் தாண்டப் போறோம்!”

“மார்கிட் பேரு சீட்டுல இல்ல.”

“எந்தச் சீட்டு?”

“ஓட்டுச் சீட்டு!”

“ஓ.” பேகலைக் கீழே வைத்தான். முகத்தில் லேசான ஆச்சரியம். “நீங்க அங்க போனீங்களா?”

ஆர்லீன் சோபாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உனக்குத் தெரியும்.”

“ஜனவரி முதல் வாரத்துலேருந்து.”

“தெரிஞ்சுமா அந்த சியாட்டில் பொண்ணுகிட்ட வாடகைப் பணத்தை வாங்கச் சொன்ன?”

“ஆர்லீன், உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா கொஞ்சம் பெரிசா யோசிங்க. ஓட்டுச் சீட்டுங்கறது ஆதரவாளர்களை எட்டற வழிகள்ல ஒண்ணு, அவ்வளவுதான். ஒரு நாள் மட்டும் வருது. பணம் வராது. நாம கட்டினது ஒரு இயக்கம். ரெண்டு லட்சம் குடும்பங்கள். அடுத்து அரிசோனால ஒரு பள்ளிக்கூட வாரியத் தேர்தல் வருது, இந்த மொத்தக் குடும்பமும் அங்க இடம்பெயரும். இது தோல்வி இல்ல.” குரலைத் தாழ்த்தினான். “தோல்வியா இருந்தாலும், தோல்வி மின்னஞ்சலுக்கு வெற்றி மின்னஞ்சலைவிட அதிகமா வரும்.”

“காலிக் கோட்டுல எழுதுங்கன்னு பதிவு பண்ணிச் சொல்லியிருக்கலாமேடா!”

“சோதிச்சுப் பாத்தோம். ‘பி’ல ‘மார்கிட்டின் பெயரை நீங்களே எழுதுங்கள்’னு போட்டோம். படுத்துடுச்சு. பேரு அச்சுல இல்லைங்கற தகவல் ஆதரவாளர்களைச் சோர்வாக்குது. ‘ஏ’தான் ஜெயிச்சுது.”

“ஏ-ல என்ன இருந்துச்சு?”

“தகவல் இல்ல.”

மெத்தைக் கிடங்கின் கதவு வழியாக மார்கிட்டின் கரகரத்த குரல் கசிந்தது. யாரிடமோ, இன்று மாலைக்குள், உங்களால் இயன்றதை என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்குத் தெரியுமா?”

“அவங்க அழைப்பு நேரத்துல இருக்காங்க. கவனம் கலைஞ்சிடும்.”

“வர்ற திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரரை ஏத்திட்டுப் போயிடுவாங்க,” என்றாள் ஆர்லீன். “நாலு மணி நேரம். நான் ஓட்டக் கூடாது. அவருக்கு ஒரு வார்த்தை வரதுக்குள்ள அவங்க அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்க. பசிக்குதுன்னு அவர் சொல்லி முடிக்கும்போது அங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

டெவ்லினின் கண்கள் மறுபடி கலங்கின. போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“அதை அப்படியே இன்னொரு தடவை சொல்ல முடியுமா?”

ஆர்லீன் அந்த போனைப் பிடுங்கி மலர் வளையம் கிடந்த குப்பைக் கூடையில் போட்டாள். பத்து வயசுக்குப் பிறகு இப்போதுதான் அவள் ஒருவர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குகிறாள்.

“எதனால இல்ல? அதைச் சொல்லு. பேரு ஏன் இல்ல?”

டெவ்லின் கூடையைப் பார்த்தபடியே சொன்னான். “கையெழுத்து. வேட்பாளரா நிக்கணும்னா இந்த மாவட்டத்துல குடியிருக்கற ஐந்நூறு பேர், காகிதத்துல, பேனாவால கையெழுத்துப் போட்டுத் தரணும்னு ஒரு பழைய விதி. எங்களுக்குத் தெரியாம இல்ல. அதுக்காகத்தான் டிசம்பர்லயே ‘மார்கிட்டுக்காக உங்கள் பெயரைச் சேருங்கள்’னு நாடு முழுக்க மின்னஞ்சல் போட்டோம். பட்டனை அழுத்தினா போதும். ரெண்டு லட்சம் பேர் ஆர்லீன்! இயக்கத்தோட வரலாற்றுலயே இல்லாத எண்ணிக்கை. அத்தனையையும் அச்சடிச்சு, நானே வண்டியில ஏத்திட்டுப் போயி, மாவட்ட கிளார்க் முன்னாடி வச்சேன். அந்தம்மா ரெண்டு பக்கம் புரட்டிட்டு, ‘தம்பி, இதுல மை எங்க, இந்த மாவட்டம் எங்க?’ன்னு கேக்கறாங்க.”

ஐந்நூறு பேர். ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடை வாசலில் ஒரு மேஜையைப் போட்டு நின்றிருந்தால், பீர் ஆறுவதற்குள்— இல்லை, பீர் ஆறாது, சூடாகும். ஆர்லீனுக்கு யோசனை தடம் மாறி ஓடியது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

“இங்க யாரையும் கேக்கவே இல்லையாடா நீங்க?”

“கேட்டோமே. அந்த மின்னஞ்சல் இந்த மாவட்டத்துக்கும் போச்சு.”

“எத்தனை பேர் அழுத்தினாங்க?”

“ஒருத்தர்.”

வெளியே லாவோன் ஹாரன் அடித்தாள். வேனில் ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

“யாரு, மார்கிட்டா?”

“இல்ல. அவங்க அப்ப ஒரு முக்கியமான அழைப்புல இருந்தாங்க.”

“பின்ன யாரு?”

டெவ்லின் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் உண்மையான நன்றி இருந்தது.

“நீங்கதான், ஆர்லீன்.”